நடுவில் தடவியிருப்பது என்ன?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. வேலை நெருக்கடியில் சாப்பிட வெளியே போக நேரமில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் அலுவலக உதவியாளர் தம்பி பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச் வாங்கி வந்தார். நான்கு சிக்கன் மயோ, ஒன்று காய்கறி. மாலை ஆறு மணிக்குள் சிக்கன் மயோ சாப்பிட்ட நான்கு பேருக்கும் வாந்தி தொடங்கிவிட்டது. ஒருவருக்கு இரவு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. காய்கறி சாண்ட்விச் சாப்பிட்ட தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்டோம். "எங்க கடையில வாங்கினதுதான்னு என்ன சார் ஆதாரம்?" என்றார் உரிமையாளர். பில்லைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தோம். மிச்சத் துண்டு எதுவும் இல்லை. மருத்துவரின் சீட்டில் 'வயிற்றுக் கோளாறு' என்று மட்டும் எழுதியிருந்தது. சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. அதைப் பயன்படுத்த எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சாண்ட்விச் என்றால் லேசான சாப்பாடு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. பிரியாணி வேண்டாம், பரோட்டா வேண்டாம், ஒரு சாண்ட்விச் போதும் என்பவரை உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர் என்கிறோம். சில நேரம் அது சரி. பல நேரம் சரியில்லை. வெஜ், சிக்கன், பனீர் என்ற பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. இரண்டு பிரெட் துண்டுகளுக்கு நடுவே தடவியிருக்கும் பசை என்ன, அது எவ்வளவு நேரமாக வெளியில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலில்தான் அந்தச் சாப்பாட்டின் குணம் இருக்கிறது. இரண்டையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் கணக்கு. இங்கே வரும் அளவுகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும். சாண்ட்விச் பிரெட் இரண்டு துண்டு ஏறக்குறைய 60 கிராம். அதில் 150 கலோரி, 5 கிராம் புரதம், சுமார் 300 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நாக்குக்கு லேசான இனிப்பாகத் தெரியும் பிரெட்டில் இவ்வளவு உப்பா என்று வியப்பாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. உள்ளே எதுவும் வைப்பதற்கு முன்பே அதில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இனி அந்தப் பசை. கடைகளில் அதிகம் விற்கும் சீஸ் கிரில் சாண்ட்விச்சை எடுத்துக்கொள்வோம். பதப்படுத்திய சீஸ் துண்டு ஒன்றில் 250 முதல் 300 மில்லிகிராம் சோடியம். இரண்டு துண்டு வைப்பார்கள். மேலும் கீழும் உப்பு வெண்ணெய், உள்ளே ஒரு கரண்டி தக்காளி சாஸ். எல்லாம் சேர்ந்தால் சோடியம் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிவிடும். ஒரு நாளுக்கான உப்பில் பாதிக்கு மேல், ஒரே மதியச் சாப்பாட்டில், 'வெஜ்' என்ற பெயரில். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊறுகாயை ஒதுக்கிவிட்டு இதை நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

சிக்கன் மயோவின் கதை வேறு. கோழி நல்ல உணவுதான். ஐம்பது கிராம் வெந்த கோழி நெஞ்சுக் கறியில் 15 கிராம் புரதம், 80 கலோரி. ஆனால் முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்யும் முழுக் கொழுப்பு மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் 90 கலோரி, 10 கிராம் கொழுப்பு. கடைக்காரர் தாராளமாக இரண்டு கரண்டி போட்டால், கறியைவிடப் பசையில் இரண்டு மடங்குக்கு மேல் கலோரி. கோழி சாப்பிட்டதாக நினைக்கிறோம். வயிற்றுக்குள் அதிகம் போவது எண்ணெய்.

வெண்ணெயும் ஜாமும் தடவியது பிள்ளைகளின் பெட்டியில் வழக்கமாக இருப்பது. ஜாமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி தடவினால் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை. பெரியவர் ஒருவர் நாள் முழுக்க அதற்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது.

அவித்த முட்டை இரண்டை அரிந்து, மிளகுத்தூளும் வெங்காயமும் தூவி, மயோ இல்லாமல் கேளுங்கள். 300 கலோரிக்குள் 17 கிராம் புரதம் கிடைக்கும். என் கணக்கில் கடை சாண்ட்விச்களில் இதுதான் முதலில் வருகிறது. பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், உருளைக்கிழங்கு வைத்த பம்பாய் சாண்ட்விச், வெண்ணெயைக் குறைத்தால் நல்லதே. ஆனால் அதில் புரதம் ஆறேழு கிராம்தான், நான்கு மணிக்கெல்லாம் பசிக்கும். கூட ஒரு கப் சுண்டலோ மோரோ வேண்டும். பனீர் நல்லது, அது உண்மையான பனீராக இருந்தால். பாலுக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்ததைப் 'பனீர்' என்றோ 'சீஸ்' என்றோ விற்கக் கூடாது என்பது விதி. விலை மிகக் குறைவாக இருந்தால் "இது பால்ல செஞ்சதா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பழுப்பு பிரெட் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பு நிறம் கோதுமையின் தவிட்டிலிருந்தும் வரலாம், கேரமல் நிறமியிலிருந்தும் வரலாம். பொட்டலத்தின் பின்புறம் சேர்க்கைப் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும். முதல் பெயர் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்றிருந்தால் அது மைதா. 150 என்று தொடங்கும் நிறமி எண் இருந்தால் பழுப்பு எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். கேள்வி கேட்டால் மாற்றம் வரும் என்பதற்குப் பிரெட்டே சாட்சி. 2016-இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 மாதிரிகளைப் பரிசோதித்தபோது 32-இல் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பது தெரிந்தது. புரோமேட் புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள். அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதைத் தடை செய்தது.

சத்துக் கணக்கு மெதுவாகத்தான் உடம்பைப் பாதிக்கும். கெட்டுப்போன பசை அன்று மாலையே படுக்க வைத்துவிடும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் அடுப்பைக் காண்பதே இல்லை. முட்டையிலோ ஓட்டிலோ சால்மோனெல்லா இருந்தால் அப்படியே நம் தட்டுக்கு வந்துவிடும். கேரளம் 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024 அக்டோபரிலும் இதற்குத் தடை போட்டன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும், சேமிக்கவும், கொண்டுசெல்லவும், விற்கவும் தடை விதித்தது. தடை பச்சை முட்டைக்குத்தான். முட்டையில்லாத மயோ தடையில் வரவில்லை. ஆனால் மூடி திறந்த பாட்டில் அடுப்புப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றால் எந்த மயோவும் நம்பத்தக்கதல்ல.

"சூடா கிரில் பண்ணித்தானே தர்றோம்" என்பார்கள். கிரில் சூடு பிரெட்டின் மேல்தோலை முறுகவைக்கும். நடுவிலிருக்கும் பசை கிருமி சாகும் அளவுக்குச் சூடாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சமைத்தவரின் கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உண்டாக்கும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அதன் வழக்கம். எங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருகும் எல்லை. சமைத்த கறி, முட்டை, மயோ எதுவானாலும் அந்த எல்லையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதைப் பிள்ளைகளின் மதிய டப்பாவோடு சேர்த்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கட்டுகிறோம், பன்னிரண்டரைக்குத் திறக்கிறார்கள். நம் வெயிலில் ஐந்தரை மணி நேரம். கடையில் சுடச்சுடச் சாப்பிடும்போது முதலிடத்தில் வரும் முட்டை சாண்ட்விச், டப்பாவில் கடைசிக்குப் போய்விடுகிறது. டப்பாவுக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவியது நல்லது, கெடாது, புரதமும் உண்டு. இட்லிப் பொடியை நெய்யில் குழைத்துத் தடவினாலும் தாங்கும். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமையை நாம் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற 15 வயதுப் பெண் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய பாகெட் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்தாள். மாவிலேயே எள் கலந்திருந்தது, உறையில் அது எழுதப்படவில்லை. பெற்றோரின் போராட்டத்தால், கடையிலேயே செய்து பொட்டலமிட்டு விற்கும் உணவிலும் முழுச் சேர்க்கைப் பொருள் பட்டியல் வேண்டும் என்ற விதி 2021 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. நம் 2020 லேபிள் விதிகள் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, சல்பைட் ஆகியவற்றைத் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. எள் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஒவ்வாதவர்கள் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

அதே விதிகளின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவு நிறுவனங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரியைக் காட்ட வேண்டும். சிறு கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உரிமமோ பதிவோ இல்லாமல் எந்தக் கடையும் உணவு விற்க முடியாது. அந்த 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். எண் இல்லாத பில் தந்தால் அதுவே புகாருக்குரியது.

இனி, எங்களுக்குத் தெரியாமல் போனவை. சாப்பிட்ட பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் முதலில் உயிர்காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல். காய்ச்சல், மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட உள்ளே தங்காத நிலை என்றால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் காத்திருக்கவே வேண்டாம். மருத்துவரிடம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லி, 'உணவு நஞ்சு எனச் சந்தேகம்' என்று எழுதித் தரக் கேளுங்கள். மலப் பரிசோதனை முடியுமா என்றும் கேளுங்கள். மிச்சத் துண்டை உறையோடு பிரிட்ஜில் வையுங்கள். பில், படம், உடன் சாப்பிட்டவர்களின் பெயர்கள் எல்லாம் அன்றே சேர வேண்டும்.

புகாரையும் அன்றே கொடுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மத்திய ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமன அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுத்தில் தரலாம். நீங்கள் வைத்திருக்கும் மிச்சத் துண்டு சட்டப்படியான மாதிரியாக ஏற்கப்படாமல் போகலாம். ஆனால் அதே சரக்கு கடையில் இருக்கும்போதே அலுவலர் போய் மாதிரி எடுக்க விரைவான புகார்தான் வழி. இரண்டு நாள் கழித்துப் போனால் பாட்டில் மாறியிருக்கும். எங்கள் திங்கட்கிழமை அப்படித்தான் வீணானது.

பலருக்கும் தெரியாத ஓர் உரிமை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு. வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் நாமே அறிக்கை பெறலாம். உணவு விதிக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 65-ஆம் பிரிவு இழப்பீடு பற்றியது. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

பணத்தையோ மருத்துவச் செலவையோ திரும்பப் பெற வேண்டுமானால் நுகர்வோர் வழி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு போன ஆண்டு முடிந்தது. குளுக்கோஸ் ஏற்றிய மருத்துவமனையின் ரசீதைத் தோழர் இன்னும் வைத்திருக்கிறார்.