மீட்டாத சட்ஜம்

1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியைக் காவிரி டெல்டாவின் வீடுகளில் பல ஆண்டுகள் பேசவும் பாடவும் வைத்தவை வால்வு ரேடியோக்கள். சுவிட்சைப் போட்டதும் அவை வாய் திறக்காது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் சூடேற அரை நிமிடமாவது பிடிக்கும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் ஸ்பீக்கரை அதிரவைத்த கடைசி வால்வின் பெயர் இ.எல்.84. அதே வால்வு நான்கைச் சேர்த்துச் செய்ததுதான் பீட்டில்ஸ் குழுவினர் மேடையில் வைத்து வாசித்த 'வாக்ஸ் ஏ.சி.30' கிடார் ஆம்ப். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒருவர் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விட்டு வால்வு ஆம்ப்புக்குப் போக நினைத்தால், தாத்தா வீட்டுப் பெட்டியின் தொழில்நுட்பத்துக்குத்தான் போகிறார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இந்த வால்வுகளை இங்கேயே தயாரித்தது. இன்று ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய நாடுகளின் ஆலைகளை நம்பித்தான் உலகக் கிடார்காரர்கள் இருக்கிறார்கள்.

வால்வு வேலை செய்யும் விதம் எளிமையானது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள பிளேட் தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவே 'கிரிட்' என்ற மெல்லிய கம்பிச்சுருள். 1906-இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்த உறுப்பு இது. மதகுப் பலகையை ஓர் ஆள் சற்றே ஏற்றி இறக்கினால் வாய்க்கால் முழுவதும் நீரோட்டம் மாறுவதுபோல, கிடாரிலிருந்து வரும் சொற்ப மின்னழுத்தம் கிரிட்டை அசைக்க, பிளேட்டில் பெரிய மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. கிடார் ஆம்ப்பின் முதல் படியில் அநேகமாக எங்கும் காணப்படும் இ.சி.சி.83 வால்வின் பெருக்கெண் 100.

ஒலி ஏன் மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லைவரை ஒலியைச் சுத்தமாகப் பெருக்கும். எல்லையைத் தொட்டதும் அலையின் முகட்டைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடும். வால்வு எல்லையை நெருங்க நெருங்கவே வளையத் தொடங்கிவிடுகிறது. இரண்டிலும் அலையின் வடிவம் கெடுகிறது. கெடும் அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. எந்த மேற்சுரம், எவ்வளவு என்பதே வித்தியாசம்.

இதை நம் ஸ்வரங்களில் சொன்னால் தெளிவாகிவிடும். ஒரு தந்தியின் ஒலியைச் சட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இரண்டு மடங்கு அதிர்வெண் மேல்ஸ்தாயி சட்ஜம். மூன்று மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்து மடங்கு இன்னும் மேலே அந்தர காந்தாரம். ஏழு மடங்கு எங்கே விழுகிறது? சதுச்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே, பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் எதிலும் சேராமல். பதினோரு மடங்கோ இரண்டு மத்யமங்களுக்கும் இடையில் நிற்கிறது. வளையும் வால்வு இரண்டையும் மூன்றையும்தான் அதிகம் தருகிறது. திடீரென வெட்டும் சுற்றிலோ ஏழும் பதினொன்றும் தூக்கலாகக் கேட்கும். காதில் குத்தும் அந்தக் கரகரப்புக்குக் காரணம் இதுதான்.

மேற்சுரத்தின் அருமை தஞ்சைப் பக்கத்துக் காதுகளுக்குப் புதிதல்ல. பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், மந்தர சட்ஜம் என்று தம்புராவைச் சேர்த்து, குதிரையின் மேல் ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நகர்த்தினால், எந்தத் தந்தியிலும் இல்லாத அந்தர காந்தாரம் எழும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-இல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். தந்தியை ஒரு மேற்சுரத்தின் கணுவில் மீட்டினால் அந்த மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழிவந்த விதி. வீணையும் தம்புராவும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று ராமன் காட்டினார். வளைந்த குதிரையைத் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம். தம்புராவில் குதிரையின் வளைவு செய்யும் வேலையை, ஆம்ப்பில் வால்வின் வளைவு செய்கிறது. இயற்பியலில் இரண்டும் ஒரே குடும்பம். வால்வு ஒலியை மந்திரம் மாயம் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். போட்ட பிறகும் வியப்பு குறையாது.

கணக்கு இன்னும் ஒரு படி போகிறது. கிடாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸ். அதோடு அதன் பஞ்சமத்தையும், அதாவது 123.5 ஹெர்ட்ஸையும் சேர்த்து மீட்டி, ஆம்ப்பை முடுக்கிவிடுங்கள். வளையும் வால்வு இரண்டின் வித்தியாசத்தையும் உண்டாக்கும்: ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம். யாரும் மீட்டாத சட்ஜம்! ராக் கிடார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் வாசிப்பது இதனால்தான். மெல்லிய ஈ தந்தியின் 329.6 ஹெர்ட்ஸோடு 415.3 ஹெர்ட்ஸ் காந்தாரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் 85.7; கீழ் சட்ஜம் இருக்க வேண்டிய இடமோ 82.4. சுருதி சேராத ஒரு தாழ்ந்த ஒலி உள்ளே புகுந்து கார்டைக் கலக்கிவிடும். டிரான்சிஸ்டரில் சுத்தமாக வாசித்துப் பழகியவருக்கு முதல் நாள் வரும் குழப்பம் பெரும்பாலும் இதுதான். ஆம்ப்பைக் குறை சொல்வதற்குமுன் கார்டிலிருந்து ஒரு ஸ்வரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். பழைய ஆம்ப்பில் சத்தத்தை ஆம்ப்பிலேயே வைத்துவிட்டு, கிடாரின் குமிழை முழுவதும் திறந்து விட்டிருப்பீர்கள். வால்வு ஆம்ப்பை, பலமாக மீட்டினால் உறுமி, மெதுவாக மீட்டினால் தெளியும் விளிம்பில் நிறுத்துங்கள். பிறகு கிடாரின் குமிழும் வலது கை விரல்களுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இந்த விளிம்புக்குப் போக ஆம்ப் ஓரளவு சத்தமாக உழைத்தாக வேண்டும் என்பதால் பெரிய ஆம்ப் வாங்காதீர்கள். 30 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். வீட்டுக்கு 5 வாட் தாராளம். மேடையில் ஸ்பீக்கர் முன்னே ஒரு மைக் வைத்து சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிட்டால் 15 வாட் போதும்.

ஆபத்தான இடத்துக்கு வருவோம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்பை அப்படிப் போடவே கூடாது. ஒலிச் சக்தி இறங்க வழியில்லாமல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, அதன் காப்பு எரிந்துபோகும். முதலில் ஸ்பீக்கர், பிறகு சுவிட்ச். ஸ்பீக்கரின் ஓம் அளவும் ஆம்ப்போடு பொருந்த வேண்டும். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது விவரம் தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

வால்வின் நிறத்தைக் கவனிக்கப் பழகுங்கள். நடுவில் இழை ஆரஞ்சாக எரிவது இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் நீலப் படலம் தெரிந்தாலும் கவலையில்லை. வெளிப்புறச் சாம்பல் நிறப் பிளேட் சிவக்கத் தொடங்கினால் அந்த நொடியே அணையுங்கள்.

நம் ஊர் மின்சாரத்துக்கு வருவோம். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், 10 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். பம்ப் செட்டுகள் ஓடும் நேரத்தில் லைனில் 230-க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது 5.2 வோல்ட். ஒலி சோர்ந்துபோகும், வால்வின் ஆயுளும் குறையும். ஆம்ப்போடு ஒரு நல்ல ஸ்டெபிலைசரையும் சேர்த்தே வாங்குங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் போட்டால் ரீங்காரம் தாங்காது. சைன் அலை இன்வெர்ட்டர்தான் சரி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்பக்கத்தைப் படிக்காமல் நம் சுவரில் செருகினால் அத்தோடு முடிந்தது.

பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விற்றுவிடாதீர்கள் என்றே சொல்வேன். ரோலண்ட் நிறுவனத்தின் 1975-ஆம் ஆண்டு ஜாஸ் கோரஸ் ஆம்ப்பின் சுத்தமான ஒலிக்காகவே அதைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் மின்சாரம், இரவு முழுக்க பாட்டு, விடிந்ததும் சூடு ஆறாத பெட்டிகளை டெம்போவில் ஏற்றி அடுத்த ஊர் என்றால், அந்த வேலைக்கு டிரான்சிஸ்டரே பொருத்தம். வால்வு ஆம்ப் வீட்டிலும், ஒலிப்பதிவுக் கூடத்திலும், நிலையான மின்சாரம் உள்ள அரங்கிலும் இருக்கட்டும்.