சுவர் தாண்டும் புகை

அண்டை வீட்டு சிகரெட்டைத் தடுக்கச் சட்டத்துக்குக் கை நீளமில்லை. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கோ புகார் சொல்லக்கூட நாற்காலி இல்லை.

இரவு பத்தரை மணி வாக்கில் மும்பையின் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு தினசரிச் சடங்கு தொடங்குகிறது. சாப்பாடு முடிந்து, குழந்தைகள் படுத்து, டி.வி. சத்தம் தணிந்த பிறகு குடும்பத் தலைவர் சிகரெட் பெட்டியோடு ஒதுங்குகிறார். கூடத்தில் பற்றவைக்க முடியாது, அம்மா உட்கார்ந்திருக்கிறார். படுக்கையறையில் முடியாது, மனைவி சண்டைக்கு வருவார். மிச்சம் இருப்பது கழிப்பறையும் கிரில் போட்ட ஜன்னலும்தான். முகத்தை வெளியே நீட்டி நிதானமாக ஊதுகிறார். அவர் வீட்டில் வாசனைகூடத் தங்குவதில்லை. ஐந்து நிமிடத்தில், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் எழுந்து உட்கார்ந்து இருமுகிறது.

கவனிக்க வேண்டியது இது: மேல்மாடியை இருமவைப்பவர் பெரும்பாலும் அக்கறையற்றவர் அல்லர். தன் வீட்டார்மேல் அக்கறை இருப்பதால்தான் ஜன்னலுக்குப் போகிறார். அவர் தன் குடும்பத்துக்குச் செய்யும் உபகாரம் அடுத்த குடும்பத்தின் தலையில் விடிகிறது. இந்த முடிச்சைப் புரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகிறவர்கள் தோற்றுத் திரும்புகிறார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு சொல் வேடிக்கையும் உண்டு. தமிழில் சிகரெட்டைக் ‘குடிக்கிறோம்’, ‘பிடிக்கிறோம்’, ‘ஊதுகிறோம்’. ஹிந்தியிலும் குடிப்பதுதான். மராத்தியில் அதை இழுக்கிறார்கள். எல்லா வினைகளுக்கும் எழுவாய் சிகரெட்டைக் கையில் வைத்திருப்பவர். கையில் எதுவும் இல்லாமல், தன் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் போதே குடிக்க நேர்கிறவருக்கு வினைச்சொல் இல்லை. ‘மறைமுகப் புகைத்தல்’ என்கிறார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, பாவம்.

புகை எப்படி வருகிறது? மும்பைக் கட்டடங்களில் கழிப்பறைகளெல்லாம் ஒரு பொதுக் குழியைப் பார்த்தபடி இருக்கும். ‘டக்ட்’ என்பார்கள். கீழிருந்து மொட்டை மாடி வரை தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், புறா எச்சம் எல்லாம் அதில்தான். உள்ளே சூடான காற்று மேலே ஏறும்போது டக்ட் ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது. இரண்டாம் மாடியில் ஊதியது மூன்றாம், நான்காம் மாடிகளின் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியே நுழைகிறது. சமையலறையில் நீங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனையோ சிம்னியையோ ஓடவிட்டு, கூடத்து ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே தள்ளப்பட்ட காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். கைக்கு எட்டும் வழி கழிப்பறை ஜன்னல்தான். புகையை விரட்ட ஃபேன் போடுகிறவர் அதை விருந்துக்கு அழைக்கிறார்.

சிகரெட் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. சட்டென்று தரையில் படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். கதவின் அடி இடுக்கு, ஏ.சி. குழாய் நுழையும் துளை, குழாய்களைச் சுற்றிப் பூசாமல் விட்ட ஓட்டை எல்லாம் அவற்றுக்கு ராஜபாட்டை. ஊதுவத்தி ஏற்றிச் சமாளிப்பவர்கள் வாசனையை மாற்றுகிறார்கள், துகளைக் கூட்டுகிறார்கள். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரத்திலும் பாதி நியாயமே கிடைக்கும். நல்ல வடிகட்டி துகளைப் பிடிக்கும். வாயுவையும் நாற்றத்தையும் பிடிக்கக் கணிசமான அளவு கரி அடுக்கு வேண்டும். மலிவான இயந்திரங்களில் அது பேருக்குத்தான் இருக்கிறது.

உடல்நலக் கேடு பற்றிப் பழைய சந்தேகங்கள் எதுவும் மிச்சமில்லை. புகைக்காத பெண்களுக்கும், கணவர் அதிகம் புகைப்பவராக இருந்தால், நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று ஜப்பானின் டகேஷி ஹிராயாமா 1981இல் எழுதினார். பிறர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்றது அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை. புகைப்பவர்களைத் தனி இடத்தில் உட்காரவைப்பதோ காற்றோட்டத்தைக் கூட்டுவதோ ஆபத்தை முழுதாகப் போக்காது என்றும் அது சொன்னது. ஒரே வீட்டுக்குள் புகைப்பதும் சுவர் இடுக்கில் கசிவதும் ஒரே அளவு அல்ல என்பது நிஜம். ஆனால் ஆஸ்துமா உள்ள குழந்தை அளவு பார்த்து இருமுவதில்லை.

இந்தியாவில் இதன் பரப்பு என்ன? வயது வந்தோர் புகையிலைப் பழக்கம் பற்றிய தேசியக் கணக்கெடுப்பில், வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகிறோம் என்றவர்கள் 2009-10இல் 52.3 சதவீதம். 2016-17இல் 38.7 சதவீதம். நல்ல இறக்கம்தான். ஆனால் கேட்கப்பட்டது வீட்டுக்குள் யாராவது புகைக்கிறார்களா என்பது. கீழ் வீட்டுப் புகை இந்தக் கணக்கில் விழாது.

சட்டத்திலும் விழாது. பொது இடங்களில் புகைப்பதை 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. 2001இல் மும்பை அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தடை சொன்னது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் கறாரான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அலுவலகம், உணவகம், சினிமா கொட்டகை, மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம். மூலச் சட்டத்தின் உச்ச அபராதம் 200 ரூபாய். அடுக்குமாடியின் படிக்கட்டும் லிஃப்டும் ‘பொது இடமா’ என்று வாதாட வழியுண்டு. ஒருவரது கழிப்பறை பொது இடமல்ல என்பதில் வாதத்துக்கே வழியில்லை. காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குவது தனிக் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 278ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 280ஆவது பிரிவு. அபராதம் 500லிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது அக்கம்பக்கத்தில் பொதுவாக வசிப்போரையும் வழிப்போக்கரையும் பற்றி. ஒரு குடும்பத்தின் இருமலோடு காவல் நிலையம் போனால் நாற்காலி போட்டு அனுப்பிவைப்பார்கள், அவ்வளவுதான். சிவில் வழக்கு தொடுக்கலாம். பதினோரு மாத ஒப்பந்தம், முதல் விசாரணைக்கு முன்பே முடிந்துவிடும்.

பதினோரு மாதம் என்றதும்தான் வாடகைதாரரின் தனிச் சங்கடம் தெரிகிறது. மும்பையில் வீடு பெரும்பாலும் ‘லீவ் அண்டு லைசென்ஸ்’ முறையில் கிடைக்கிறது. இது குத்தகை அல்ல, வெறும் அனுமதி. குத்தகைதாரர் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தரும் உறுதிமொழி அனுமதிதாரருக்கு நீளாது. நீண்டாலும் அது வீட்டுக்காரர் தரும் தொல்லையைத்தான் தடுக்கும், கீழ் வீட்டுக்காரரை அல்ல. அடுத்தது ஹவுசிங் சொசைட்டி. உரிமையாளர் அங்கே குடியில்லை என்பதற்காக அவரிடம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கிறார்கள். அந்தப் பணம் எப்படியோ வாடகையில் ஏறிவிடுகிறது. பணம் நம்முடையது, உறுப்பினர் உரிமை உரிமையாளருடையது. பொதுக்குழுவில் வாடகைதாரருக்கு ஓட்டு கிடையாது. செகரட்டரியிடம் கடிதம் கொடுத்தால், “ஓனரை எழுதச் சொல்லுங்கள்” என்பார். ஓனரோ பல ஊர்களில் இருப்பவர். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்’ என்பது அவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் வாக்கியம்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அநேகமாக எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரமாட்டேன் என்று குடியிருப்பவர் எழுதிக்கொடுக்கும் வாசகம் இருக்கும். புகைப்பவர் சொந்தக்காரராக இருந்தால் பயனில்லை. அவரும் உங்களைப் போல வாடகைக்கு வந்தவர் என்றால், அவருடைய வீட்டுக்காரர் அந்த வாசகத்தைக் காட்டிக் கேட்க முடியும். புகைப்பவர் யார் என்பதற்கு முன்னால், அவர் எந்த வகையில் அங்கே குடியிருக்கிறார் என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

ஜப்பானில் இந்த ஜாதிக்கு அழகான பெயர் உண்டு: ‘ஹொதாரு-ஸோகு’, மின்மினிக் கூட்டம். மனைவி உள்ளே அனுமதிக்காததால் இரவில் பால்கனிதோறும் நின்று புகைக்கும் ஆண்கள். இருட்டில் தெரிவது சிவப்புப் புள்ளி மட்டும். நாகோயாவில் மேல்மாடிப் பெண் ஒருவர் கீழ்வீட்டு மின்மினிமேல் வழக்குப் போட்டார். 2012 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 50,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சொந்த வீட்டில் புகைப்பது ஒருவர் சுதந்திரம்தான், ஆனால் அண்டை வீட்டார் பாதிக்கப்படுவது தெரிந்த பிறகும் எதுவுமே செய்யாமல் தொடர்வது தவறு என்பது தீர்ப்பின் சாரம். ‘தெரிந்த பிறகும்’ என்பதுதான் அதில் கனமான சொல். ஜெர்மனியின் பிரெம்னிட்ஸ் ஊர் வழக்கில் இரு தரப்பும் வாடகைதாரர்கள். 2015 ஜனவரியில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது இன்னும் எளிமையானது: இருவருக்கும் பால்கனியில் உரிமை உண்டு, நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. 2018 ஜூலை இறுதியிலிருந்து அரசுப் பொதுக் குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளேயே சிகரெட்டுக்குத் தடை.

நம் ஊரில் இந்த மூன்றும் தீர்ப்பாக வரப்போவதில்லை. ஆனால் நாகோயாவையும் பிரெம்னிட்ஸையும் படிக்கட்டில் நின்றே நடத்திவிடலாம். ஒன்று, தெரியப்படுத்துவது. இரண்டு, ‘நிறுத்துங்கள்’ என்று கேட்காமல் ‘எங்கே, எப்போது’ என்று கேட்பது. புறநகர் ஒன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் நான் இதைத்தான் செய்தேன். ஆஸ்துமாக்கார அம்மாவைப் பற்றிச் சொன்னதும் கீழ்வீட்டுப் பெரியவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். டக்ட் என்பதே கெட்ட காற்றைக் கொண்டுபோகத்தான் என்று நினைத்திருந்தார். போகிறது, எங்கள் வீட்டுக்கு. சாலைப் பக்க ஜன்னலுக்கு மாறுவதாக ஒப்புக்கொண்டார். பத்தரையிலிருந்து பதினொன்று வரை எங்கள் பக்க ஜன்னலைச் சாத்திவைப்பதாக நானும் ஒப்புக்கொண்டேன். வாரத்தில் ஐந்து நாள் இது நடக்கிறது. கிரிக்கெட் உள்ள இரவுகளில் நடப்பதில்லை.

அந்த மிச்ச இரண்டு நாட்களுக்குச் சில்லறை வேலைகள் இருக்கின்றன. கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு, நிற்கும்போது தானே மூடிக்கொள்ளும் மடல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மடல் இல்லாத ஃபேன், நின்றுவிட்டால் வெறும் ஓட்டை. ஏ.சி. குழாய்த் துளைக்கும் சாக்கடைக் குழாயைச் சுற்றிய இடைவெளிக்கும் சீலன்ட் பூசலாம். வெள்ளை சிமென்ட்டும் போதும். கழிப்பறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டலாம். சமையலறையில் ஃபேன் ஓடும்போது தெருப் பக்க ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். அந்த ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை உள்நோக்கி வைத்துவிட்டால் வீட்டுக்குள் காற்றழுத்தம் சற்றே கூடி, இடுக்குகள் வழியே புகை நுழைவது வெகுவாகக் குறையும். செலவு சில நூறு ரூபாய். உரிமையாளரின் அனுமதி தேவைப்படாத வேலைகள்.

வீடு மாற்றுவதுதான் ஒரே வழி என்றாகிவிட்டவர்கள் புரோக்கருக்கு இன்னொரு மாத வாடகையைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். மும்பையில் நீங்கள் மீன் சாப்பிடுவீர்களா, கல்யாணம் ஆனவரா, யாரெல்லாம் விருந்துக்கு வருவார்கள் என்று உரிமையாளர் கேட்பார். கீழே யார் சிகரெட் குடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கத் தடையில்லை. பகலில் வீட்டைக் காட்டுவது புரோக்கர்களின் வழக்கம். இரவு பத்தரைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். முனகுவார், வருவார். கூடத்தின் டைல்ஸை அவர் புகழ்ந்துகொண்டிருக்கும்போது கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் மூச்சை இழுத்து நில்லுங்கள். பிறகு ஜன்னல் வழியே எட்டி, கீழ்மாடியின் சஜ்ஜாவை டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டு சிகரெட்டுகள் அங்கேதான் கிடக்கும்.