ஊர் விழா வெள்ளி நாணயங்கள்

ஊர் தோன்றி நூற்றைம்பது ஆண்டாயிற்று, இருநூற்றைம்பது ஆண்டாயிற்று என்று விழா எடுக்க முனைந்த அமெரிக்க நகரங்கள் சில, 1930-களின் நடுவில், அதற்கு வேண்டிய பணத்தை நாணயத்தைக் கொண்டே ஈட்டும் விசித்திரமான உபாயம் ஒன்றைக் கையாண்டன. அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் ஒன்றை நிறைவேற்றிவிட்டால், அரசாங்க அக்கசாலை அவ்வூரின் பெயர் பொறித்த அரை டாலர் வெள்ளி நாணயங்களை அச்சிட்டு, விழாக் குழுவினருக்கு முகமதிப்புக்கே கொடுத்துவிடும். அவர்கள் அவற்றை ஒரு டாலருக்கோ அதற்கு மேலோ விற்று, கிடைத்த லாபத்தை விழாவுக்குச் செலவிட்டுக்கொள்வார்கள். 12.5 கிராம் எடையும், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியும் கொண்ட இந்நாணயங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் பலர்.

இவற்றுள் ரசமானது நியூ ரோஷெல் நகரத்து நாணயம் என்பது என் அபிப்பிராயம். பிரான்ஸில் மதத் துவேஷத்துக்கு ஆளாகிப் புறப்பட்டு வந்த ஹ்யூகெனாட் மக்களுக்காக 1689-ல் 6,000 ஏக்கர் நிலத்தை விற்ற ஜான் பெல் என்ற பிரபு, விலைப்பணம் போதாதென்று, ஆண்டுதோறும் ஜூன் 24-ஆம் தேதி தாமோ தம் வாரிசுகளோ கேட்டால் கொழுத்த கன்று ஒன்றைத் தரவேண்டும் என்றும் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். மிருக உருவங்களை வடிப்பதில் தேர்ந்த கெர்ட்ரூட் லாத்ராப் அம்மையார் அந்தப் பிரபுவையும் கயிற்றில் கட்டிய கன்றையும் ஒரு புறத்தில் அமைத்து, மறுபுறத்தில் பிரெஞ்சு லில்லி மலரைப் பொறித்தார். வாங்குவோர் முதலில் உற்று நோக்குவது கன்றின் தொடையைத்தான். மேடான இடமாதலால் தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். வெள்ளி நாளடைவில் நிறம் மாறுவது இயற்கை. அதைப் போக்குகிறேன் என்று துலக்கியவர், அச்சில் பிறந்த பளபளப்பையும் விலையையும் ஒருங்கே இழப்பார்.

திமிங்கல வேட்டைக்காரர் குடியேறிய ஹட்ஸன் நகரத்துக்காக 1935-ல், திமிங்கலத்தின் மேல் சமுத்திர தேவன் அமர்ந்திருக்கும் நாணயங்கள் சுமார் 10,000 அச்சிடப்பட்டன; வியாபாரிகள் அவற்றுள் பெரும்பகுதியை வளைத்துக்கொள்ளவே, விலை ஏறிவிட்டது. அடுத்த ஆண்டில் வந்த ஸின்ஸினாட்டி நாணயமோ இன்னும் துணிச்சலானது. அந்நகரம் சங்கீத கேந்திரமாகி ஐம்பது ஆண்டாயிற்றென்று அது பறைசாற்றிற்று. ஆனால் 1886-ல் அங்கே கொண்டாடத்தக்க சம்பவம் எதுவும் நடக்கவில்லை. மூன்று அக்கசாலைகளின் முத்திரையுள்ள மூன்று நாணயங்களைச் சேர்த்தே 7.75 டாலருக்கு விற்றார்கள். இத்தகைய வியாபாரம் பெருகவே, பழைய அனுமதிகளின் பேரில் மேலும் அச்சிடுவதை 1939-ல் ஒரு சட்டம் நிறுத்திற்று.

விற்காதவை அக்கசாலைக்குத் திரும்பி உருக்கப்படும். நியூ ரோஷெலுக்காக அச்சிட்ட 25,000-த்தில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை இவ்விதம் உலைக்குள் சென்றன.