மோட்டார் சத்தம் கேட்டுச்சா, தம்பி?

கடந்த டிசம்பரில் ஒரு மாலை. ஜொகூர் பாருவிலிருந்து தம்போய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பாவின் பழைய புரோட்டோன் சாகாவை நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் மழை கொட்டியது. சிங்கப்பூரில் வேலை முடித்து வீடு திரும்பும் மோட்டார் சைக்கிள்கள் இருபுறமும் போய்க்கொண்டிருந்தன.

திடீரென 'டக்' என்று ஒரு சத்தம். வைப்பர் இரண்டும் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டன. முன்னால் போன வண்டிகளின் சிவப்பு விளக்கு மட்டுமே மங்கலாகத் தெரிந்தது. அப்பா தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி வழி சொல்ல, மெல்ல ஓரம் கட்டினேன். மழை விடும்வரை யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "போதும்பா. இந்தக் காரை வித்துடுங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. அந்தக் காரை விற்பது அவருக்குச் சுலபமல்ல. நாட்டின் முதல் தேசிய காரான சாகா 1985 ஜூலை 9-இல் அறிமுகமானது. மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே மாடலை அடிப்படையாகக் கொண்டு உருவான கார் அது. சிறு வயதில் நாம் பொறுக்கி விளையாடிய சிவப்பு சாகா விதையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் வாங்கிய முதல் காரும் அதுதான்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். "மோட்டார் போச்சு. முழு செட்டும் மாத்தணும். பழைய காரு, சாமான் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்கள். அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்றிவிட்டது.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு அண்ணன். பல ஆண்டுகள் தொழிற்பேட்டையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வைப்பர் நின்னப்ப மோட்டார் சத்தம் கேட்டுச்சா, தம்பி?"

"கேட்டுச்சு, அண்ணே. 'ங்ங்ங்'னு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"அப்ப மோட்டார் சாகல. புஷ்தான் போயிருக்கும்."

வைப்பர் மோட்டார் வட்டமாகச் சுற்றுகிறது. வைப்பரோ இடமும் வலமும் ஆட வேண்டும். அதற்காக மோட்டாரின் கைப்பிடியையும் வைப்பர்களையும் இரும்புக் கம்பிகள் இணைக்கின்றன. இணையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு இரும்புக் குண்டும், அதைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கும். போனட்டுக்கு அடியில் வேகும் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து புஷ் காய்ந்து தேய்கிறது. முதலில் வைப்பர் தளர்ந்து ஆடும். பிறகு எல்லை தாண்டிக் கண்ணாடி ஓரத்தில் இடிக்கும். கடைசியில் ஒருநாள் கம்பி கழன்று விழும். எங்கள் கார் பல மாதங்களாக 'டக் டக்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். வைப்பர்களை அவை வழக்கமாக ஓய்ந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்தோம். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொன்னார் அண்ணன். கம்பிகளுக்கு நடுவே கை இருக்கும்போது மோட்டார் ஓடினால் விரல் நசுங்கிவிடும்.

வைப்பர் கைகளையும் கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தோம். உள்ளே மக்கிப்போன இலைகள், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்திருந்தன. துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எல்லாவற்றையும் வழித்தெடுத்தோம். கழன்ற இடத்திலிருந்த புஷ் கை பட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது.

புஷ் பல அளவுகளில் கிடைக்கிறது. அதனால் குண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து 20 வெள்ளிகூட ஆகவில்லை. ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான்; மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது.

புதிய புஷ்களைச் சற்று நேரம் சுடுநீரில் போட்டால் இளகும். கம்பியின் துளையில் அழுத்திப் பொருத்தி, சிலிக்கான் கிரீஸ் தடவி, குண்டின் மேல் வைத்து அழுத்தினோம். 'டப்' என்று உட்கார்ந்தது. குண்டு துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் புது புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும். நல்லவேளை, எங்களுடையது வழவழப்பாகவே இருந்தது.

பேட்டரியை மாட்டி, மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, அது தானாக நின்றபிறகே வைப்பர் கைகளை டேப் குறிக்கு நேராகப் பூட்டினோம். இந்த வரிசை மாறினால் வைப்பர் தவறான இடத்தில் நிற்கும். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டார் அப்பா. சத்தமே இல்லை.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், மழைக்காலத்துக்கு முன் வைப்பர் கையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அளவுக்கு மீறி ஆடினால், மோட்டாருக்கு விலை கேட்பதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

காரை விற்கும் பேச்சு இப்போது இல்லை. ஆனால் அம்மா ஏறி உட்கார்ந்ததும், வெயில் கொளுத்தினாலும், ஒன்று கேட்காமல் இருப்பதில்லை: "வைப்பரைப் போட்டுப் பார்த்தியா?"