சரக்கு வழியில் கெட்டால் நஷ்டம் யாருக்கு?

“கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் விற்றவர்தானே கட்டினார்? வழியில் சரக்கு கெட்டால் அவரல்லவா பொறுப்பு?” புதிதாக இறக்குமதியில் இறங்கும் நம் சகோதரர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சி.ஐ.எஃப். என்று விலை பேசியிருந்தால் பதில் வேறு.

பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்ட ‘இன்கோடெர்ம்ஸ்’ விதிகளில் வருவது இந்தச் சொல். இப்போது 2020ஆம் ஆண்டுப் பதிப்பு நடப்பில் உள்ளது. மொத்தம் 11 விதிகள். செலவு எதுவரை விற்பவருடையது, நஷ்டப் பொறுப்பு எதுவரை விற்பவருடையது என்று ஒவ்வொரு விதியும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

மண்ணடி வியாபாரி ஒருவர் சீனாவின் நிங்போவிலிருந்து சி.ஐ.எஃப். சென்னை என்று பாத்திரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வரை கூலி விற்றவருடையது. ஆனால் நிங்போவில் சரக்கு கப்பலில் ஏறியதுமே நஷ்டப் பொறுப்பு நம்மவர் தலைக்கு வந்துவிடும். நடுக்கடலில் சேதமானாலும் விலையை முழுதாகக் கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸில்தான் கேட்க வேண்டும். அந்த இன்ஷூரன்ஸும் குறைந்தபட்ச ‘சி’ வகையாக இருந்தால் போதும் என்கிறது விதி. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்றவற்றுக்கு அதில் பணம் கிடைக்கும். திருட்டுக்கும் மழைநீருக்கும் கிடைக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே ‘ஏ’ வகை வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிரீமியம் சற்றுக் கூடும், பரவாயில்லை.

ஏற்றுமதி செய்வோருக்கு வேறொரு சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து தோலும் காலணியும் கன்டெய்னரில் போகின்றன. பலர் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள். அதன்படி, சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு நம்முடையது. கன்டெய்னரோ கப்பல் வருவதற்குச் சில நாள் முன்பே யார்டுக்குப் போய்விடுகிறது. கார்த்திகை மழையில் அங்கே தண்ணீர் புகுந்தால், கையை விட்டுப் போன சரக்குக்கு நாமே நஷ்டப்பட வேண்டும். எஃப்.சி.ஏ. என்று எழுதினால், குறித்த இடத்தில், வாங்குபவர் அமர்த்திய கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்ததோடு பொறுப்பு மாறிவிடும். கன்டெய்னர் சரக்குக்கு இதுவே ஏற்றது என்று வணிகச் சபையும் சொல்கிறது. வங்கி, கப்பலில் ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் கேட்குமே என்ற தயக்கம் வேண்டாம். அதைக் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ள 2020 பதிப்பு வழி செய்திருக்கிறது.

எந்த விதியானாலும், அதன் பக்கத்தில் இடத்தின் பெயரையும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்பதையும் விடாமல் எழுதுங்கள். பணம் எப்போது தருவது, சரக்கின் உரிமை எப்போது மாறுவது ஆகியவை இந்த விதிகளில் அடங்காதவை. அவற்றை ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.