முடி கொட்டுதா? செலினியம் மாத்திரை வாங்கும் முன்...

முடி கொட்டுகிறதே என்று செலினியம் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், செலினியம் மிஞ்சினாலும் முடி கொட்டும்!

இந்தச் சத்து மண்ணிலிருந்து பயிர் வழியாக நம் தட்டுக்கு வருவது. பிளவக்கல் அணைத் தண்ணீரில் விளையும் நெல்லிலும் அதன் அளவு மண்ணைப் பொறுத்ததுதான். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே மனிதர்களுக்கு முடி உதிர்ந்து, நகம் சிதைந்தது. மாடுகளின் குளம்பும் தப்பவில்லை.

சீனாவில் செலினியம் அரிதான பகுதிகளில் கேஷான் என்ற இதய நோயைத் தடுக்க மாத்திரை உதவியது உண்மை. ஆனால், 35,000-க்கும் அதிகமான ஆண்கள் பங்கேற்ற அமெரிக்காவின் ‘செலக்ட்’ ஆய்வில், தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க முடியவில்லை. 2008-ல் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

நமக்குத் தினமும் சுமார் 40 மைக்ரோகிராம் போதும். மீன், முட்டையிலேயே செலினியம் இருக்கிறது. தைராய்டுக்கோ முடிக்கோ சத்து மாத்திரை எடுப்பவர்கள், அட்டையை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.