தகப்பன் இல்லாத வாழை

ஸ்ரீரங்கத்தில் கோயில் வீதிகளின் நெரிசலை விட்டு மேற்கே மேலூர்ப் பக்கம் போனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்கள் வந்துவிடும். ஆறடிக்கு ஆறடி என்று நட்டால் ஏக்கருக்கு 1,200 மரம் நிற்கும். பூவன் என்ற ஒரே ரகமாக இருந்தால் அந்த 1,200-க்கும் மரபணு ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்துப் பூவனும் அதே உயிர். ஆற்றைத் தாண்டி முசிறி, தொட்டியத்தில் நிற்கும் பூவனும் ஏறக்குறைய அதேதான். ‘வாழையடி வாழையாக’ என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கும்போது நாம் குளோனிங்கைத்தான் வாழ்த்தாகச் சொல்கிறோம்.

குளோனிங் என்றால் பலருக்கும் டாலி என்ற செம்மறி ஆடு நினைவுக்கு வரும். 277 முயற்சிகளில் ஒன்று தேறி, 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தது அது. இந்தியாவில் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 2009-இல் எருமைக் கன்றை நகலெடுத்தது. முதல் கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்து வந்த கரிமா இரண்டு ஆண்டு வாழ்ந்தது. விலங்குகளில் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதை வாழை சும்மா இருந்தபடியே செய்துவிடுகிறது. சொல்லப்போனால் ‘குளோன்’ என்ற சொல்லே செடிகளுக்காகப் பிறந்தது. 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர், விதையில்லாமல் பெருகும் பயிர்களைக் குறிக்க, சிறு கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

வாழைக்கு ஏன் விதை இல்லை? நாம் சாப்பிடும் பெரும்பாலான ரகங்களில் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக இருக்கின்றன. விதை உண்டாக வேண்டுமானால் அவை இரண்டு சமபங்காகப் பிரிய வேண்டும். மூன்றை அப்படிப் பிரிக்க முடியாது. மகரந்தம் சேராமலேயே காய் திரண்டுவிடும் குணமும் வாழைக்கு உண்டு. அதனால் பழம் வருகிறது, விதை வருவதில்லை. கற்பூரவல்லியைக் கடிக்கும்போது எப்போதாவது மிளகு போல ஒரு கறுப்பு விதை பல்லில் தட்டும். காட்டுவாழைப் பாட்டனின் மிச்சம் அது. மற்றபடி தாய்க் கிழங்கிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை. தகப்பன் என்று ஒருவர் இந்தக் குடும்பத்தில் கிடையாது.

இதில் லாபம் என்னவென்று வாழை வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை. ரஸ்தாளி என்றால் இந்த ஆண்டும் ரஸ்தாளி, பத்து ஆண்டு கழித்தும் ரஸ்தாளி. மாங்கொட்டையை நட்டுவிட்டு என்ன பழம் வருமோ என்று காத்திருக்கும் கதை இங்கே இல்லை. ஒரே சிக்கல், நல்ல தாய்மரம் ஒன்று ஆண்டுக்குச் சில கன்றுகள்தான் தரும். அவையும் ஒரே வயதில் இருக்காது, ஒரே நாளில் தார் போடாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் விவசாயிகள் ‘திசு வாழை’ என்று சொல்லும் திசு வளர்ப்புக் கன்று. கூர்மையான இலையுள்ள ஈட்டிக்கன்றாகப் பார்த்து எடுத்து, மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளை நுனி ஒன்று மிஞ்சும். வளரும் உயிர் மொத்தமும் அதில்தான். அதைக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் ஹார்மோனும் கலந்த கூழில் கண்ணாடிப் புட்டிக்குள் வைக்கிறார்கள். ஒன்று பலவாகக் கிளைக்கும். பிரித்து வேறு புட்டிகளில் வைத்தால் அவையும் கிளைக்கும். பிறகு வேர்விட வைத்து, பசுமைக்குடிலிலும் நிழல்வலைக் கூடத்திலும் வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஐந்தாறு இலையோடு வயலுக்கு அனுப்புகிறார்கள். கடையில் பச்சை வாழைப்பழம் என்று வாங்கும் ஜி-9, அதாவது கிராண்ட் நைன், பெரும்பாலும் இப்படி வந்ததுதான். தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் தள்ளுவதால் லாரியை ஒரே தடவையில் நிரப்பலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணக் கன்றைப் பெயர்த்தால் கிழங்கோடு மண்ணும் வரும். மண்ணோடு நூற்புழு, கிழங்கு வண்டு, வாடல் பூசணம் எல்லாம் வரும். புட்டியில் பிறந்த கன்றில் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

ஆனால் எல்லா வழியும் அடைபடுவதில்லை. வைரஸ் இருப்பது மண்ணில் இல்லை, செடியின் சாற்றில். தாய்மரத்தில் முடிக்கொத்து நோய் இருந்து, அதைப் பரிசோதிக்காமல் நுனியை எடுத்தால், பக்கக்கன்றில் நாலு பேருக்குப் போயிருக்கும் நோய் ஆய்வகத்தின் வேகத்தில் ஆயிரக்கணக்கான தோட்டங்களுக்குப் போகும். நோய் கண்ட வாழையைப் பார்த்தால் மறக்காது: இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், இலைக்காம்பில் கரும்பச்சையில் தந்தி எழுத்துபோல் புள்ளியும் கோடுமாக ஓடும். தார் வராது. 1913-இல் இலங்கையில் பதிவான இந்த நோய் 1940 வாக்கில் கேரளத்தில் தெரிந்தது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் விருப்பாட்சி வாழையைக் கிட்டத்தட்ட அழித்ததும் இதுதான். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன அந்தப் பழத்தை மீட்க, வைரஸ் இல்லாத தாய்மரங்களைத் தேடிப் பிடித்துத் திசு வளர்ப்பில்தான் பெருக்க வேண்டியிருந்தது. நோயைப் பரப்பக்கூடிய அதே கருவிதான் அங்கே மருந்தும் ஆனது.

பூவன் வைப்பவர்கள் அறிய வேண்டிய சங்கதி ஒன்று. இலைக்கோடு நோயைத் தரும் வைரஸின் மரபுத்துண்டு சில கலப்பு ரகங்களின் மரபணுவுக்குள்ளேயே தூங்கிக் கிடக்கிறது. திசு வளர்ப்பு போன்ற நெருக்கடி வந்தால் அது விழித்துக்கொள்ளலாம். ஜி-9 ஆய்வகத்துக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லா ரகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புட்டியில் போட முடியாது.

அடுத்து நகல் பிசகுவது. ஒரே நுனியைத் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டே போனால் குள்ளன், தார் சிறுத்தது என்று மாறுபட்ட கன்றுகள் வரத் தொடங்கும். அதனால்தான் எட்டுச் சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தப் பிசகிலும் நல்லது நடந்ததுண்டு. தைவானில் கேவண்டிஷ் வாழையை வாடல் நோய் சூறையாடியபோது, திசு வளர்ப்பில் தவறிப் பிறந்த கன்றுகளுக்குள்தான் தாக்குப்பிடிக்கும் ரகங்களைத் தேடி எடுத்தார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அந்த வாடல் நோய்மேல்தான். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும், காம்பு மடிந்து இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும், அடித்தண்டு பிளக்கும். கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்புப் புள்ளிகள். குணப்படுத்தும் மருந்து கிடையாது. பூசணத்தின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ரஸ்தாளியை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப வைக்க விவசாயிகள் தயங்குவது இதனால்தான்.

உலகச் சந்தையில் ஒரு காலத்தில் குரோ மிஷெல் என்ற ஒரே ரகம்தான் ஆண்டது. 1960 வாக்கில் வாடல் அதை வணிகத்திலிருந்தே துரத்திவிட்டது. அந்த நோய்க்கு மசியாத கேவண்டிஷ் அதன் இடத்துக்கு வந்தது. நம் ஜி-9 அந்தக் குடும்பம். இப்போது கேவண்டிஷையே சாய்க்கும் டிஆர்4 என்ற வகை கிளம்பியிருக்கிறது. பீகாரின் கட்டிஹார் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அது உறுதிசெய்யப்பட்டாகிவிட்டது. ஒரு மரத்துக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் 1,200-க்கும் இல்லை. பூசணம் தண்ணீரோடும் பரவும்; நம் பக்கமோ ஒரே வாய்க்கால் தண்ணீர் வயல் வயலாகப் பாய்கிறது.

குளோனிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குளோன் இல்லாவிட்டால் வாழையே இல்லை. சந்தை கேட்கிறது என்று ஒரே குளோனைக் கண்ணுக்கெட்டிய தூரம் வைப்பதுதான் தப்பு. திருச்சி மாவட்டம் அந்த வகையில் கொஞ்சம் கொடுத்துவைத்தது. இலைக்கும் பழத்துக்கும் பூவன், பொரியலுக்கு மொந்தன், நேந்திரன், கற்பூரவல்லி, ஏலக்கி, ரஸ்தாளி என்று இங்கே இன்னும் கலந்துதான் வைக்கிறார்கள். 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தோகைமலைச் சாலையில் தாயனூரில் இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட வாழை வகைகளை அங்கே வயலில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். விதையில்லாத பயிருக்கு விதை வங்கி வைக்க முடியாது. மரமாகவோ திசுவாகவோ உயிரோடு வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒரு நோயை எதிர்க்கும் மரபணு வேண்டுமென்றால் இப்படிப்பட்ட இடத்தில்தான் தேட வேண்டும். ஆஸ்திரேலியா 2024-இல் அனுமதித்த டிஆர்4 எதிர்ப்பு வாழைக்கும் மரபணு ஒரு காட்டுவாழையிலிருந்துதான் கிடைத்தது.

திசு வாழை வாங்குபவர்களுக்கு: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-லிருந்து இந்தக் கன்றுகளுக்குச் சான்றளிப்பு முறை ஒன்றை நடத்துகிறது. தாய்மரமும் கன்றும் வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டதா என்று நாற்றுப்பண்ணையில் கேட்டு, சான்றைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வெளிமாநிலத்திலிருந்து கன்றோ கிழங்கோ கொண்டுவராதீர்கள். தோட்டத்தில் வாடல் போலத் தெரிந்தால், காட்டுவதற்காக மரத்தை மண்ணோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். அந்த மரத்துக்குப் பாயும் தண்ணீரை அடைத்து, மண்வெட்டியையும் காலையும் அங்கேயே கழுவிவிட்டு, தோட்டக்கலை அலுவலகத்துக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள்.